டேங்க்னு தேடினா மீன் தொட்டி வருது

என் பிஎச்டி தலைப்பு குடிமராமத்து. எங்க மதுரை, சிவகங்கை பக்கம் கண்மாய்க் கரை, மடை, வரத்துக்கால் எல்லாத்தையும் ஊர்க்காரங்களே சேர்ந்து சரி பண்ணிக்கிட்ட அந்தப் பழைய ஏற்பாடு. முதல் ஆறு மாசம் கட்டுரை தேடுறேன்னு நான் பண்ணுன கூத்து இருக்கே... கூகுள்ல ஒரு முழு வாக்கியத்தையே அடிப்பேன், வர்றதுல பாதி பத்திரிகைச் செய்தி, மீதி 30, 40 டாலர் கட்டுனாத்தான் திறப்பேன்னு நிக்கும், நானும் அப்ஸ்ட்ராக்ட்ங்கிற சுருக்கத்தை மட்டும் படிச்சிட்டு மூடிருவேன். கைடு மேடம் லிட்ரேச்சர் ரிவ்யூவைப் பாத்துட்டு "இவ்ளோதானாம்மா கெடச்சுது?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கே லைப்ரரிக்குப் போயிட்டேன்.

லைப்ரரியன் சார் முதல்ல கேட்டது "லாகின் வாங்கியிருக்கியாம்மா?". வாங்கல! யுனிவர்சிட்டி ஏற்கெனவே சந்தா கட்டி வெச்ச ஜர்னலை வெளிய நின்னு எட்டிப் பாத்துட்டு இருந்திருக்கேன். கேம்பஸ் வைஃபைல தானா திறந்துக்கும், வீட்ல இருந்தா இன்ஃபெட்ங்கிற பொது லாகின் வழியா நம்ம யுனிவர்சிட்டி பேரைத் தேர்ந்தெடுத்து உள்ள போகணும், அவ்ளோதான் விஷயம். 2025 ஜனவரில மத்திய அரசோட ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் திட்டம் வந்ததுல இருந்து அரசு கல்வி நிறுவனங்களுக்கு 30 பதிப்பகங்களோட 13,000 ஜர்னலுக்கு மேல கிடைக்குது. தனியார் காலேஜ்ல இருக்குற என் தோழிக்கு இது கெடையாது, முதல் கட்டத்துல அவங்களைச் சேக்கல, அவ இன்னும் என்கிட்ட தான் பொலம்புறா.

உள்ள போயிட்டா எல்லாம் வந்து கொட்டும்னு நெனச்சேன். கொட்டுச்சு, ஆனா என்ன கொட்டுச்சு? கண்மாய்க்கு இங்கிலீஷ் கட்டுரைல டேங்க்னு தான் பேரு, அதை அடிச்சா மீன் தொட்டி, பெட்ரோல் டேங்க், ராணுவ டேங்க். சார் சிரிச்சிட்டே டேங்க் இரிகேஷன்னு சேத்து மேற்கோள் குறிக்குள்ள போடச் சொன்னார், ரெண்டும் ஒட்டி வர்ற இடம் மட்டும் வந்துச்சு. அப்புறம் ரெண்டும் சேந்து வரணும்னு ஆண்ட் போட்டு தமிழ்நாடு. அங்க தான் மறுபடி மாட்டுனேன், 1969க்கு முன்னாடி நம்ம மாநிலத்துக்குப் பேரே மெட்ராஸ் தானே, பழைய கட்டுரை எழுதுனவர் தமிழ்நாடுன்னு எப்படி எழுதியிருப்பார்? அதனால ஏதாவது ஒண்ணு இருந்தா போதும்னு பிராக்கெட்டுக்குள்ள மெட்ராஸ் ஆர் தமிழ்நாடு, தமிழ்நாட்டையும் ஒரே சொல்லா ஒரு தடவை, ரெண்டா பிரிச்சு ஒரு தடவை.

அதவிடக் கொடுமை ஸ்பெல்லிங். குடிமராமத்தை இப்போ கே-ல ஆரம்பிச்சு கடைசில யு போட்டு எழுதுறாங்க, சிலர் டி-யோட நிறுத்திடுறாங்க, வெள்ளைக்காரன் காலத்து ஆளுங்க சி-ல கூட ஆரம்பிச்சிருக்காங்க. கண்மாய்க்கு மட்டும் நானே மூணு ஸ்பெல்லிங் பாத்துட்டேன். ஏரின்னு தேடலாம்னா சில கட்டுரைல ஈ மேல ஒரு கோடு இருக்கும், ஸ்கேன் பண்ணுன பக்கத்துல கம்ப்யூட்டர் அதை வேற ஏதோ எழுத்தா படிச்சு வெச்சிருக்கும். வார்த்தையைப் பாதில நிறுத்தி நட்சத்திரக் குறி போட்டா வால் மாறுறது எல்லாம் சேந்து வரும், ஆனா தலையெழுத்தே மாறுனா ஆர் போட்டுத் தான் ஆகணும். இதுக்குன்னே ஒரு நோட்டு வெச்சு, ஒரு பக்கத்துக்கு ஒரு சொல், கீழ அதோட எல்லா வேஷத்தையும் எழுதி வெச்சிருக்கேன், தீசிஸ்ல எனக்குப் பிடிச்ச பகுதியே இந்த நோட்டு தான்னு மேடம்கிட்ட சொல்ல முடியாது.

நல்ல கட்டுரை ஒண்ணு சிக்கிட்டா அப்புறம் தேடவே வேணாம், அதைப் பிடிச்சு தொங்கணும். அடிக்குறிப்பைப் பாத்தா அதுக்கு முன்னாடி வந்தவங்க கெடைப்பாங்க, கூகுள் ஸ்காலர்ல சைட்டட் பை அழுத்துனா அதை மேற்கோள் காட்டி பின்னாடி வந்தவங்க கெடைப்பாங்க. 1858ல மெட்ராஸ்ல இந்த மாதிரி பாசன வேலைக்கும் சேத்து கட்டாய உழைப்புச் சட்டம் ஒண்ணு போட்டாங்கங்கிறதே எனக்கு ஒரு அடிக்குறிப்புல தான் தெரிஞ்சுது. இந்திய பிஎச்டி தீசிஸ் எல்லாம் ஆன்லைன்ல சேத்து வெச்சிருக்குற ஷோத்கங்காவையும் விட்றாதீங்க, தீசிஸ் சுமாரா இருந்தாலும் பின்னாடி இருக்குற நூற்பட்டியல்ல யாரோ அஞ்சு வருஷம் அலைஞ்சது நமக்கு ஓசில கெடைக்குது. ஆனா அதை அப்படியே காப்பி பண்ணிடாதீங்க, வருஷம் தப்பா இருக்குறதை நான் ரெண்டு தடவை கண்டுபிடிச்சேன்.

இப்போதைக்கு ஊருணில நிக்கிறேன். ஓ ரெண்டா, யு ஒண்ணா, கடைசில ஐ-யா ஒய்-யா, நேத்து ராத்திரி வரைக்கும் நோட்டுல ஆறு ஆச்சு.