டெஸ்ட் முடியும் வரை சப்பாத்தியை நிறுத்தாதீர்கள்: எனக்கு சீலியாக் என்று தெரிந்த கதை

சீலியாக் என்பது கோதுமையில் இருக்கும் ஒரு புரதத்தால் குடல் கெட்டுப்போகும் நோய். அதுவாக இருக்குமோ என்று யாராவது உங்களிடம் சொன்னால், ரத்தப் பரிசோதனையும் பயாப்ஸியும் (குடலில் துளி சதை எடுத்துப் பார்ப்பது) முடிகிற வரைக்கும் கோதுமையை நிறுத்தாதீர்கள். இது தெரியாமல் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. எங்கள் தர்மபுரி மாவட்டத்துப் பாலக்கோடு பக்கத்தில் இந்த நோயின் பெயரைக் கேள்விப்பட்டவர்களே குறைவு, அதனால் எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது இரண்டு பஸ் பயணமாவது மிச்சமாகட்டும்.

மகள் பிறந்த பிறகு எனக்கு ரத்தசோகை, ஹீமோகுளோபின் 7க்கு மேல் ஏறாது. இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை, அப்புறம் நரம்பு வழியாக இரும்புச்சத்து, எல்லாம் ஏற்றியாகிவிட்டது. மூன்று மாதம் ஏறும், மறுபடி இறங்கும். வயிறு உப்புசம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை பேதி, வாய்ப்புண், கால் எலும்பில் குடைச்சல். கால் வலிக்கு, 'உங்க ஊர் போர் தண்ணி, ஃப்ளோரைடு' என்று ஒரு டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார். தர்மபுரி என்றாலே எல்லாருக்கும் அதுதான் நினைவுக்கு வரும், தப்பில்லை. ஆனால் எங்கள் வீட்டில் பல வருடமாக ஒகேனக்கல் தண்ணீர்தான் என்று சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. இன்னொருவர் டென்ஷன் என்றார். பள்ளிக்கூட டீச்சர் என்று சொன்னால் போதும், எல்லா வயிற்று வலிக்கும் டென்ஷன்தான் காரணம்.

2021ல் என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. ராத்திரி சோற்றை விட்டுவிட்டுச் சப்பாத்தி சாப்பிடச் சொன்னார்கள், ஒருவருக்குத் தனியாகச் சமைப்பானேன் என்று வீட்டில் எல்லாருமே சப்பாத்திக்கு மாறினோம். அதுவரை எங்கள் வீட்டில் ராத்திரிக்கு ராகிக் களி, இல்லையென்றால் சோறு. மாறின ஆறே மாதத்தில் எனக்கு ஒன்பது கிலோ இறங்கிவிட்டது. அப்போதுகூட இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

2022ல் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் எண்டோஸ்கோப்பி எடுத்தார்கள். 'நார்மல், லேசா கேஸ்ட்ரிக்' என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். சதை எடுக்கவே இல்லை. சீலியாக்கில் குடல் வெளிப்பார்வைக்குச் சாதாரணமாகத் தெரியலாம், சிறுகுடலின் முதல் பகுதியிலிருந்து நாலைந்து இடத்தில் துளித்துளியாகச் சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும் என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். ரத்தசோகையும் பேதியுமாக ஒருத்தி வந்தபோது இரண்டு துளி சதை எடுத்திருந்தால் ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. நீங்கள் எண்டோஸ்கோப்பிக்குப் போனால், 'பயாப்ஸி எடுப்பீங்களா?' என்று உள்ளே போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

2023 ஜனவரியில் ஒரு லேடி டாக்டர்தான் முதல் முறையாக, 'கோதுமை சாப்பிட்டா அதிகமாகுதா?' என்று கேட்டார். ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நிறுத்தினேன், இரண்டு வாரத்தில் பேதி நின்றது. சந்தோஷத்தில் ஐந்து மாதம் அப்படியே இருந்துவிட்டு, சரி, உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்று ஜூன் மாதம் பெங்களூருவில் ஒரு குடல் நிபுணரைப் பார்க்கப் போனோம். விடிகாலை பஸ், வீட்டுக்காரருக்கு ஒரு நாள் லீவு, எனக்கு ஒரு நாள் சம்பளம் பிடித்தம். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, 'கோதுமையை எப்போ நிறுத்தினீங்க?' சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவர் விளக்கியது இதுதான். இது அலர்ஜி இல்லை. கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், நம் உடம்பின் எதிர்ப்புசக்தியே, சாப்பாட்டிலிருந்து சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளைத் தாக்கித் தேய்த்துவிடும். அதனால்தான் எவ்வளவு இரும்பு மாத்திரை போட்டாலும் உடம்பில் சேராது. குளூட்டன் போவது நின்றால் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் பொருள் குறையும், குடலும் ஆறத் தொடங்கும். அப்போது டெஸ்ட் எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடலாம். 'தினமும் ரெண்டு சப்பாத்தி, எட்டு வாரம் சாப்பிட்டுட்டு வாங்க' என்றார்.

அந்த எட்டு வாரத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அத்தை தினமும் ராத்திரி இரண்டே இரண்டு சப்பாத்தி போட்டு, தட்டில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவார். மூன்றாம் நாளே பேதி ஆரம்பித்தது. வகுப்பு நடுவில் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். பஸ்ஸில் போகப் பயந்து வீட்டுக்காரர் தினமும் வண்டியில் கொண்டுவந்து விட்டார். கோதுமையை நிறுத்தாமல் நேராக டெஸ்டுக்குப் போயிருந்தால் இதில் ஒரு நாள்கூட வேண்டியிருந்திருக்காது.

அதற்கப்புறம் நடந்தது இன்னும் மோசம். டாக்டர் சீட்டில் எழுதியது டிடிஜி ஐஜிஏ என்ற சீலியாக் ரத்த டெஸ்ட், கூடவே மொத்த ஐஜிஏ. பெங்களூரு வரை எதற்கு, இங்கேயே ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டோடு போகலாம் என்று தர்மபுரியில் ஒரு லேபில் கொடுத்தோம். கவுண்டரில் இருந்த பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, 'கோதுமைக்கான டெஸ்டுதானே மேடம், இருக்கு' என்று ஏதோ தட்டினான். 1,400 ரூபாய். நாலு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது, நெகடிவ். எனக்குத் தலை சுற்றியது. அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மறுபடி பெங்களூரு போனோம். டாக்டர் ஒரு நொடி பார்த்துவிட்டு, 'இது கோதுமை அலர்ஜி டெஸ்ட்மா, ஐஜிஇ. நான் எழுதினது ஐஜிஏ' என்றார். ஒரே ஒரு எழுத்து. திரும்பி வந்து அந்த லேபில் கேட்டால், 'ரெண்டும் கோதுமைக்குத்தானே' என்று பதில், பணமும் தரவில்லை. சரி என்று வேறு இடத்தில் ரத்தம் கொடுத்து, அதுவரை இன்னும் இரண்டு வாரம் சப்பாத்தி. இந்த முறை சரியான டெஸ்டில், இருக்க வேண்டிய அளவுக்குப் பத்து மடங்குக்கு மேல் வந்தது.

மொத்த ஐஜிஏவையும் விட்டுவிடாதீர்கள். சிலருக்கு உடம்பிலேயே ஐஜிஏ என்ற எதிர்ப்புப் பொருள் குறைவாக இருக்கும், அவர்களுக்கு நோய் இருந்தும் டிடிஜி ஐஜிஏ நெகடிவ்வாகக் காட்டும். அதைப் பிடிக்கத்தான் இது.

எண்டோஸ்கோப்பி பத்து நிமிடத்தில் முடிந்தது. இந்த முறை ஆறு இடத்தில் சதை எடுத்தார்கள். எடுத்த சதையைச் சின்ன பாட்டிலில் போட்டு, பக்கத்துக் கட்டிடத்து லேபில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லி வீட்டுக்காரர் கையில் தந்துவிட்டார்கள். ஐஜிஇ விவகாரத்துக்கு அப்புறம் அவர் எதையும் படிக்காமல் வாங்குவதில்லை. பாட்டிலில் என் பெயருக்குப் பக்கத்தில் வயது 43 என்று இருந்ததாம், எனக்கு 34. அங்கேயே நின்று மாற்றி ஒட்டவைத்த பிறகுதான் நகர்ந்தார். ரிசல்ட், மார்ஷ் 3பி, அதாவது குடல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லும் அளவுகோல். குடலுறிஞ்சிகள் பெரும்பாலும் தேய்ந்துபோயிருந்தன.

காத்திருக்கும் இடத்தில் பஞ்சாபிலிருந்து வந்த ஒரு அம்மா, பக்கத்தில் மெலிந்த ஒரு பையன். வீட்டுக்காரர் ஓசூர் கம்பெனியில் இருப்பதால் கொஞ்சம் ஹிந்தி பேசுவார். மூன்று வேளையும் ரொட்டி சாப்பிட்ட வீடு, அரிசி போட்டால் பையன் வயிறு நிறையவில்லை என்று அழுகிறான் என்றார் அந்த அம்மா. வட இந்தியாவில் இந்த நோய் அதிகம், நம் பக்கம் குறைவு, அதனால்தான் இங்கே டாக்டர்களுக்கு உடனே தோன்றுவதில்லை. அன்றைக்குத்தான் எங்கள் ஊரின் அருமை எனக்கு உறைத்தது. ராகி, சாமை, தினை, கம்பு, சோளம் எதிலும் குளூட்டன் கிடையாது. 2023ல் எங்கள் மாவட்டத்து ரேஷனில் அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகியே கொடுக்கத் தொடங்கினார்கள்.

அத்தையிடம் வந்து சொன்னதும், 'அப்போ களிதானே, இதுக்கா பெங்களூரு போனீங்க' என்று அன்றைக்கே கிண்டிப் போட்டார். கீரைக் கடைசலோடு இரண்டு உருண்டை சாப்பிட்டேன்.

ஆனால் ஆறு மாதம் கழித்து எடுத்த டெஸ்டில் டிடிஜி அளவு பாதிதான் குறைந்திருந்தது. வயிறும் விட்டுவிட்டுத் தொந்தரவு. 'எங்கேயோ போகுது, தேடுங்க' என்றார் டாக்டர். தேடினோம். முதலில் பெருங்காயம். கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ கலப்பது வழக்கம், டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தினமும் சாம்பாரிலும் ரசத்திலும் அதுதான் போயிருக்கிறது. அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது, படித்து வாங்க வேண்டும். மகளுக்கு ஆற்றிக் கொடுக்கும் மால்ட் பானத்தில் மீதியை நான் குடிப்பேன், அதில் பார்லி மால்ட். அதையும் நிறுத்தினேன்.

இரண்டாவது, மாவு மில். எத்தனை வருடமாகப் போகிற இடம், இது மனதில் படவே இல்லை. ஒரு சனிக்கிழமை ராகியோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர் ஐந்து கிலோ கோதுமை அரைத்தார். மில்காரர் துணிக்குழாயை இரண்டு தட்டு தட்டிவிட்டு என் ராகியைக் கொட்டினார். செங்கருப்பாக வர வேண்டிய மாவு முதல் இரண்டு கை அளவுக்கு வெளுத்து வந்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்தபடியே நின்றேன். 'அண்ணா, ராகிக்குத் தனி மிஷின் இல்லையா?' என்று கேட்டேன். 'மிளகாய்க்கு மட்டும்தாம்மா தனி' என்றார். அவர்மேல் குற்றமில்லை, ஊர் முழுக்க அப்படித்தான்.

சில மாதம் ராகியைக் கழுவி, காயவைத்து, மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தவணையில் வீட்டுக்கே ஒரு சின்ன மாவு மிஷின் வாங்கினோம். அதில் கோதுமை போடக் கூடாது என்று மகள் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறாள். வீட்டுக்காரருக்குச் சப்பாத்திக் கல் தனி, இடுக்கி தனி. ஹோட்டலில் தோசை கேட்டால் ரவா தோசையும் பரோட்டாவும் போடும் அதே கல்தான், அதனால் வெளியே இட்லி மட்டும், சாம்பார் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். பாக்கெட்டில் 'குளூட்டன் ஃப்ரீ' என்று போட கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அந்த எழுத்து இல்லாத மாவை எவ்வளவு நல்ல கடையாக இருந்தாலும் வாங்குவதில்லை. முதல் சில மாதம் பாலும் ஒத்துக்கொள்ளவில்லை. குடல் தேய்ந்திருந்தால் அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர், இப்போது காபி குடிக்கிறேன்.

அடுத்த டெஸ்டில் அளவு இயல்புக்கு வந்துவிட்டது, ஹீமோகுளோபின் 11.8. ரிப்போர்ட்டைப் பார்த்து வீட்டுக்காரர் கண் கலங்கிவிட்டார்.

கூடப்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பத்தில் ஒருவருக்கு வரலாம், பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகளுக்கு இல்லை. ராயக்கோட்டையில் இருக்கும் தங்கச்சிக்கும் வருடக்கணக்கில் ரத்தசோகைதான். 'டெஸ்ட் முடியற வரைக்கும் ஒரு நாள்கூட சப்பாத்தியை விடாதே' என்று தினமும் போன் போட்டுச் சொன்னேன். லேபில் பில் போட்டதும் போட்டோ அனுப்பச் சொன்னேன். பெரிதாக்கிக் கடைசி எழுத்து வரை பார்த்துவிட்டு, 'இப்போ கையை நீட்டு' என்றேன். பாசிட்டிவ். பயாப்ஸியும் ஒரே பயணத்தில் முடிந்தது. மாதா மாதம் அவளுக்கும் சேர்த்து என் மிஷினில் அரைத்து, ராயக்கோட்டை பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.