பாதாம் மரங்களுக்கு அடியில்

நேற்று ஃப்ரெஸ்னோ பக்கம் காரில் போனோம். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய வரை பாதாம் தோட்டம். உலகத்துப் பாதாமில் சுமார் 80 சதவீதம் கலிஃபோர்னியாவில்தான் விளைகிறது. மழை என்னவோ கொஞ்சம்தான். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் போர்வெல்தான் கதி.

இந்த சான் வாக்கீன் பள்ளத்தாக்கின் பழைய புகைப்படம் ஒன்று உண்டு. மெண்டோட்டா அருகே ஒரு கம்பம். அதில் 1925, 1955, 1977 என்று பலகைகள். 1925இல் தரை இருந்த மட்டம் கம்பத்தின் உச்சியில்! அடியில் நிலவியலாளர் ஜோசப் போலண்ட் சின்னதாக நிற்கிறார். நிலம் கிட்டத்தட்ட 9 மீட்டர் இறங்கியிருக்கிறது. மூணு மாடி உயரம்.

நீரை உறிஞ்ச உறிஞ்ச அடியிலுள்ள களிமண் அடுக்குகள் நசுங்கிவிடுகின்றன. அப்புறம் எவ்வளவு மழை பெய்தாலும் அவை பழையபடி விரியாது. பானையில் தண்ணீர் தீர்ந்ததோடு போகவில்லை, பானையே சிறுத்துவிட்டது.

மாநிலம் முழுக்க நிலத்தடி நீருக்கென்று சட்டம் வந்ததே 2014இல்தான். ரொம்ப மோசமான பகுதிகள் நீர் உறிஞ்சுவதைக் கட்டுக்குள் கொண்டுவரக் கெடு 2040 வாக்கில். (நிதானமான ஆட்கள்!) அதற்குள் ஆழம் குறைந்த கிணறு வைத்திருக்கும் சின்ன வீடுகள்தான் முதலில் வறண்டுபோகின்றன.

பின் சீட்டிலிருந்து மகள் பாதாம் பொட்டலத்தை நீட்டினாள். ரெண்டு எடுத்துக்கொண்டேன்.