சுவாமி மலையிலிருந்து எவரெஸ்ட் அடிவாரம் வரை

திருகோணமலையில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு உயரம் என்றால் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலைதான். ஆகவே, எவரெஸ்ட் அடிவார முகாமுக்கான நடைப்பயணம் தொடங்கும் லுக்லாவே 2,860 மீற்றரில், அதாவது எங்கள் நாட்டின் மிக உயர்ந்த பிதுருதலாகலையைவிட (2,524 மீற்றர்) மேலே இருப்பதை மனம் ஏற்கச் சற்று நேரம் எடுத்தது.

வழிகாட்டியை அமர்த்துவது வீண்செலவு என்பாரோடு நான் உடன்படமாட்டேன். பாதையைக் காட்ட ஆள் தேவையில்லை. மெதுவாக நடக்கவைக்கத்தான் தேவை. மேலே காற்று மெலிவதால் தலையிடியோடு தொடங்கும் உயர நோயைத் தவிர்க்க, 3,000 மீற்றருக்கு மேலே தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரே நாளில் 500 மீற்றருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. அதனாலேயே 3,440 மீற்றரிலுள்ள நாம்சே பஜாரில், எங்கள் கால்கள் இன்னும் நடக்கத் தயாராக இருந்தபோதிலும், வழிகாட்டி எங்களை நிறுத்திவைத்து, பகலில் மேலே ஏற்றி இரவில் பழைய விடுதிக்கே இறக்கினார். மாலைதோறும் இரத்தத்தின் ஒட்சிசன் அளவைக் காட்டும் ஒட்சிசன்மானியை விரல் நுனியில் மாட்டிப் பார்த்து, தலையிடி இருந்தால் மறைக்க வேண்டாம் என்பார். (உள்ளிப்பூண்டு சூப் குடித்தால் போதும் என்ற விடுதிக்காரர்களின் வைத்தியத்தில் எனக்கு நம்பிக்கையில்லை, ருசி மட்டும் குறைவில்லை.) பொதிமாடுகள் வரும்போது மலைப்பக்கமாகவே ஒதுங்க வேண்டும் என்பதிலும் அவர் கண்டிப்பானவர், பள்ளத்துப் பக்கம் நிற்பவரை மூட்டையே தள்ளிவிடும்.

5,364 மீற்றரிலுள்ள முகாமில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். சப்பாத்து நாடாவைக் கட்டி நிமிர்ந்தாலே மூச்சு வாங்கியது. இவ்வளவுக்கும், அங்கிருந்து எவரெஸ்ட் உச்சி சரியாகத் தெரியாது. அதற்குக் காலா பத்தர் மேட்டில் ஏற வேண்டும். அந்த ஏற்றத்துக்கு நேரம் ஒதுக்காத பயணத் திட்டத்தை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் எடுக்கமாட்டேன்.