ஒன்பதாம் வகுப்புக் கணக்கும் தம்பி பார்த்த மனையும்

மே 3

மகள் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்களைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள், பழைய பேப்பர்காரருக்குப் போட. கணக்குப் புத்தகத்தையுமா என்று கேட்டேன். "அதான் பரீட்சை முடிஞ்சிடுச்சேம்மா" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, வருஷம் முழுக்க நாங்களும் அந்தப் புத்தகத்தைப் பற்றி எத்தனை மார்க் என்பதைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை. பேப்பர்காரர் இன்று வரவில்லை.

மே 6

தம்பி ஒரத்தநாடு பக்கம் மனை பார்த்திருக்கிறான், நாங்களும் கூடப் போனோம். நாலு பக்கமும் நாலு அளவு: வரிசையாக 52, 56, 48, 36 அடி. தரகர் டேப் பிடித்து, எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, 50-ஐ 46-ஆல் பெருக்கி 2300 சதுர அடி என்றார். சென்டுக்கு 435.6 சதுர அடி, ஆக 5.28 சென்ட். என் அப்பாவும் இப்படித்தான் கணக்குப் போடுவார் என்பதால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மகள்தான் மெதுவாக, "மாமா, குறுக்கே ஒரு அளவு எடுக்கலாமா?" என்றாள். மூலைக்கு மூலை பிடித்தோம். சரியாக 60 அடி.

வீட்டுக்கு வந்ததும் புத்தகக் கட்டைப் பிரித்தாள். அளவியல் பாடம், ஹெரான் சூத்திரம். முக்கோணத்தின் மூன்று பக்கமும் தெரிந்தால் போதும், உயரம் வேண்டாம். 52, 56, 60 மூன்றையும் கூட்டிப் பாதி 84. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 32, 28, 24. இந்த நான்கையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 1344. அந்தப் பக்கத்து முக்கோணம் 864. மொத்தம் 2208 சதுர அடி, 5.07 சென்ட்தான். சென்ட் 2 லட்சம் சொல்கிறார்கள், அப்படியானால் 40,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்! இதே கணக்கைப் பரீட்சையில் போட்டு மார்க் வாங்கியவள், இன்றைக்கு விடை வந்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

மே 7

தரகரிடம் தம்பி பேசினான். "காலங்காலமா இப்படித்தான் போடுறோம்" என்றார், ஏமாற்றும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. தம்பி எஃப்எம்பி, அதாவது நிலத்தின் அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம், எடுத்து வந்திருந்தான். அதிலும் உள்ளே மூலைக்கு மூலை கோடு போட்டு முக்கோணம் முக்கோணமாகப் பிரித்திருப்பதை மகள்தான் காட்டினாள். இதே மாதிரிக் காகிதம் இத்தனை வருஷம் எங்கள் வீட்டுப் பத்திரங்களோடும் கிடக்கிறது, அந்தக் கோடுகள் எதற்கென்று நான் யோசித்ததே இல்லை.

மே 9

பழைய முறையில் ஏன் கூடுதலாக வருகிறது என்று இரண்டு நாளாக அவளுக்கு அரிப்பு. இன்று விளக்குமாற்றில் நாலு ஈர்க்குச்சி உருவி, நுனிகளை நூலால் கட்டிச் சதுரமாக வைத்தாள். அப்புறம் ஒரு பக்கமாகச் சாய்த்தாள். குச்சி நீளம் மாறவில்லை, ஆனால் உள்ளே இருக்கிற இடம் குறைந்துகொண்டே போய்க் கடைசியில் நாலு குச்சியும் ஒட்டிப் படுத்துவிட்டன. "பெருக்கினா இப்பவும் அதே விடைதாம்மா வரும்" என்றாள். செவ்வகத்துக்கு மட்டும்தான் அந்தக் கணக்கு சரி, மூலை சாய்ந்தால் எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். பள்ளியில் இந்தக் குச்சியை யாராவது எங்கள் கையில் கொடுத்திருந்தால் நானும் கணக்கைக் கண்டு இப்படிப் பயந்து ஓடியிருக்க மாட்டேன்.

இன்னொன்றும் கண்டுபிடித்தாள். 36, 48, 60 என்பது 3, 4, 5-ஐப் பன்னிரண்டால் பெருக்கியது. எங்கள் வீடு கட்டும்போது கொத்தனார் நூலில் 3, 4, 5 அடி பிடித்துத்தான் மூலை செங்கோணமா என்று பார்த்தார். அந்த மனையில் 36 அடியும் 48 அடியும் சேரும் மூலை சரியான செங்கோணம்.

மே 12

5.07 சென்டுக்கே விலை பேசி முடித்தாயிற்று. பேப்பர்காரர் வந்தார், கணக்குப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டோம், அறிவியலையும்.

பக்கத்து வீட்டு அத்தை தன் மனையையும் அளந்து தரச் சொல்லியிருக்கிறார். அதற்கு ஐந்து பக்கம். மூன்று முக்கோணம் வரும் என்று மகள் இப்போதே படம் போட்டு வைத்திருக்கிறாள்.