சனெட்டியில ஓநாய் பார்க்கணும்னா முதல்ல எலியைப் பாருங்க

எத்தியோப்பியான்னதும் நம்மாளுங்களுக்கு ஞாபகம் வர்றது வறண்ட பூமியும் பஞ்சமும்தான், ஆனா ஆப்பிரிக்காவுல 3000 மீட்டருக்கு மேல இருக்கற நிலத்துல பெரும்பகுதி அந்த ஒரே நாட்டுலதான் இருக்கு, அதனால குளிருக்கு ஸ்வெட்டர் மட்டும் போதும்னு நினைச்சு யாரும் கிளம்பிடாதீங்க. பறவை பார்க்கறவங்க முன்னெல்லாம் வடக்கே சிமியன் மலைக்குத்தான் அதிகம் போவாங்க, 2023லிருந்து அது இருக்கற அம்ஹாரா பக்கம் சண்டை நடக்கறதால நாங்க பறவையும் எத்தியோப்பிய ஓநாயும் பார்க்க தெற்கே ஒரோமியாவுல இருக்கற பேலே மலையைத் தேர்ந்தெடுத்தோம், சனெட்டிங்கறது அந்த மலைமேல இருக்கற மேட்டுநிலம். அடிஸ் அபாபாவுலேர்ந்து சுமார் 400 கிலோமீட்டர். மும்பையில ஏறினா அடிஸ் வந்துடலாம், அந்த விமானப் பயணத்தைப் பத்தி சொல்ல ஒண்ணுமில்ல.

ரோடு மட்டும் சுவாரசியம். அசெல்லா, பெகோஜி வழியா போகுது, பெகோஜிங்கறது சின்ன ஊர்தான், ஆனா டெரார்ட்டு துலு, கெனெனிசா பெகெலே, திருனேஷ் டிபாபான்னு ஒலிம்பிக் தங்கம் வாங்கின ஓட்டக்காரங்க எத்தனை பேர் அங்கேர்ந்து வந்திருக்காங்க பாருங்க. அந்த உயரத்துல நாலு படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்குச்சு, அங்க பசங்க காலைலயே ஓடிட்டு இருக்காங்க. அப்புறம் ஒரு விஷயம், அங்க நேரத்தை விடியல்லேர்ந்து எண்றாங்க, நம்ம காலை 6 மணி அவங்களுக்கு 12. டிரைவர் நேரம் சொன்னா "எந்தக் கடிகாரம்?"னு கேட்டுக்கோங்க.

பேலே மலை தேசியப் பூங்காவோட தலைமையிடம் டின்ஷோ, சுமார் 3100 மீட்டர் உயரம். அடிஸ்லேர்ந்து எங்ககூட வந்த கைடு போக அங்க உள்ளூர் ஸ்கவுட் ஒருத்தர் சேர்ந்துக்கிட்டார். ஜூனிபர் மரமும் ஹகேனியா மரமும் கலந்த காடு, உள்ளே நுழைஞ்சதுமே மலை நியாலா, சுருள் கொம்பு ஆண் ஒண்ணு நம்ம ஊர் மாடு மாதிரி அசையாம நின்னு பார்க்குது. இவ்வளவு பெரிய மான் வெளி உலகத்துக்குத் தெரிய வந்ததே 1908லதான், அறிவியல் பெயர் வச்சது 1910ல. ஸ்கவுட் மனுஷன் பைனாகுலரே இல்லாம நடக்கறார், ஒரு மரத்தடியில நின்னு விரலை மட்டும் மேல காட்டினார், அபிசீனிய ஆந்தை, நீளக் காது ரெண்டையும் தூக்கிக்கிட்டு தண்டோட ஒட்டி உட்கார்ந்திருக்கு. இன்னும் பத்தடி தள்ளி, "சார், காலைப் பார்த்து வைங்க"ன்னார். காஞ்ச இலைதான் கிடக்குது, வேற ஒண்ணுமில்லன்னு நான் சொல்ல வாயெடுத்தப்போ அந்த இலையில ஒரு கோடு மாதிரி கண் தெரிஞ்சது, பாதி மூடின கண். மலைப் பக்கிங்கற ராத்திரிப் பறவை. மூச்சு விடறதுக்கு மட்டும் முதுகு ஏறி இறங்குது, மத்தபடி ஒரு இறகு அசையல. போன்ல கூவல் போட்டுப் பறவையை வரவழைக்கறதுக்கு நம்ம கைடு ஒத்துக்கவே இல்ல, எங்க குழுவுல ஒருத்தருக்கு அதுல கொஞ்சம் வருத்தம், எனக்கு சந்தோஷம்.

மறுநாள் விடியறதுக்கு முன்னாடி கோபா ஊர்லேர்ந்து சனெட்டிக்கு ஏறினோம். ஒரே ஏத்தம், எரிக்கா புதர்க் காட்டைத் தாண்டினதும் மரமே கிடையாது, 4000 மீட்டருக்கு மேல பரந்து கிடக்கற மேட்டுநிலம், சாம்பல் நிறப் புதர், நடுவுல ஜெயண்ட் லொபீலியா தூண் தூணா நிக்குது (ஒரே ஒரு தடவை பூத்துட்டு அந்தச் செடி செத்துடும்). வர்ற வண்டிகள்ல பாதி நேரா துல்லு டிம்டுவுக்குப் போகுது, 4377 மீட்டர், பேலே மலையிலயே உயரமான சிகரம், உச்சி வரைக்கும் ரோடு, மேலே டவர். போட்டோ எடுத்துட்டு "ஓநாய் கிடைக்கல"ன்னு இறங்கிடறாங்க. எங்க கைடு அங்க போகவே இல்ல. புல் குறைஞ்சு மண் தெரியற ஒரு இடத்துல வண்டியை நிறுத்தி இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு, "ஓநாயைத் தேடாதீங்க சார், எலியைப் பாருங்க"ன்னார்.

ஜெயண்ட் மோல் ராட், உலகத்துல பேலேயைத் தவிர வேற எங்கயும் இல்லாத எலி, பெரிசு ஒண்ணு கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். மண்மேடு ஒண்ணு மேல மூர்லேண்ட் சாட்ங்கற பழுப்புக் குருவி உட்கார்ந்திருந்தது, அது எங்க உட்காருதோ அங்க எலி இருக்குன்னு கணக்காம், எலி கிளப்பற மண்ணுல பூச்சி கிடைக்கும், பதிலுக்குக் குருவி போடற சத்தம் எலிக்கு எச்சரிக்கை. கொஞ்ச நேரத்துல பொந்துலேர்ந்து தலை வந்தது, கண்ணு ரெண்டும் மண்டை உச்சியில இருக்கு, உடம்பு வெளியே வராமலே வானத்தைப் பார்த்துக்கலாம். சுத்தி இருக்கற புல்லைப் பல்லால கத்தரிச்சு வாய் நிறைய அடைச்சுக்கிட்டு பின்பக்கமாவே உள்ளே போயிடுச்சு. திரும்ப வந்துச்சு, அடுத்த வாய். ராத்திரி அங்க தண்ணி உறையற குளிர், அதனால எலிங்க வெயில் வந்தப்புறம்தான் மேல வருது, அந்த எலியை நம்பி வாழற ஓநாயும் பகல்லயே வேட்டையாடுது. கூட்டமா வாழற மிருகம், ஆனா எலி பிடிக்கறப்போ மட்டும் தனித்தனியா.

அப்படித்தான் ஒரு ஓநாய் வந்தது. செம்பழுப்பு உடம்பு, தொண்டையில வெள்ளை, நீள மூஞ்சி. காதை ஒரு பக்கமா சாய்ச்சுக் கேட்டுது, வயிறு தரையில ஒட்ட ஒட்ட ஊர்ந்துது, குருவி கத்திச்சு, எலி மறைஞ்சுது, ஓநாய் பாஞ்சு மூஞ்சியைப் பொந்துல விட்டு மண்ணை வாரி இறைச்சதுதான் மிச்சம். கையில கிடைச்சது ஒண்ணுமில்ல. எங்களை ஒரு தடவை கூட திரும்பிப் பார்க்கல.

உலகத்துல மொத்தம் சுமார் 500தான் இருக்கு இந்த ஓநாய், பாதிக்கு மேல பேலேயில. வேட்டைக்காரங்களை விட ஆபத்து நாய்தான். ஆடு மாடு மேய்க்கறவங்ககூட வர்ற நாய்ங்ககிட்டேர்ந்து ரேபிஸும் டிஸ்டெம்பர்ங்கற நாய் நோயும் பரவுது, 2003ல பேலேயிலயே இருக்கற வெப் பள்ளத்தாக்குல ரேபிஸ் வந்து அங்க இருந்ததுல பெரும்பகுதி போச்சு. 1995லிருந்து இயங்கற எத்தியோப்பிய ஓநாய்ப் பாதுகாப்புத் திட்டம் ஊர் ஊரா நாய்களுக்குத் தடுப்பூசி போடுது, 2018லிருந்து ஓநாய்களுக்கே இறைச்சியில வச்ச ரேபிஸ் தடுப்பு மருந்தும் குடுக்கறாங்க. டூர்க்காரங்க கட்டற காசுல கொஞ்சமாவது அந்த ஊர் மேய்ப்பர்களுக்குப் போனாத்தான் இந்தப் பாதுகாப்பு நிலைக்கும்னு எனக்குத் தோணுது, குதிரை வாடகை, ஸ்கவுட் கூலி எதுலயும் பேரம் பேசாதீங்க.

எலியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்ததுல மத்ததெல்லாம் தானா வந்துடுச்சு. ஆகர் பஸார்ட், கோல்டன் ஈகிள்னு கழுகு வகையெல்லாம் அதே எலிக்குத்தான் அலையுது. குட்டையோரத்துல ப்ளூ விங்டு கூஸ் ஜோடி, கழுத்தை முதுகுமேல சாய்ச்சுக்கிட்டு நடக்கற வாத்து. ரூஷே ரெயில் எங்க ஷூவுக்குப் பக்கத்துலயே வாலை ஆட்டிக்கிட்டுப் போச்சு, நம்ம கானாங்கோழிக்கு சொந்தம்தான் ஆனா அந்தக் கூச்சம் சுத்தமா இல்ல. ஸ்பாட் ப்ரெஸ்டட் லாப்விங்ங்கற ஆள்காட்டி கூட்டமா கத்துச்சு. இந்த மூணும் எத்தியோப்பியா, எரித்ரியா மேட்டுநிலத்தை விட்டா வேற எங்கயும் கிடையாது.

தெற்குப் பக்கம் இறங்கினா ஹரென்னா காடு, பாசி தொங்கற மரம், மூடுபனி, கீழே போகப் போகக் காட்டுக் காப்பி, மூங்கில்ல பேலே குரங்கு. எங்களுக்குக் குரங்கு கிடைச்சுது, கேட்பேர்டுங்கற பறவையோட குரல் மட்டும்தான் கிடைச்சுது. உயரத்தால தலைவலி வராம இருக்க முதல் ராத்திரி டின்ஷோவுலயோ கோபாவுலயோ தங்கிட்டு அப்புறம் ஏறுங்க, அதுக்கான டயமாக்ஸ் மாத்திரை வேணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. நவம்பர்லேர்ந்து பிப்ரவரி நல்ல சமயம், மழை இருக்காது. அதே ரோடு டோலோ மேனா வழியா நெகேலேவுக்குப் போகுது, லிபன் சமவெளியில இருக்கற லிபன் வானம்பாடி ஆப்பிரிக்காவுலயே அழிவுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கற பறவைகள்ல ஒண்ணு, அங்க புல்லுல நாங்க வரிசையா நடந்து தேடினதை அடுத்து எழுதறேன்.