கணினியைப் போட்டதும் தானே திறந்துகொண்ட ஆன்டிவைரஸ்

நீடாமங்கலத்தில் ஒற்றைக் கணினியை வைத்துக்கொண்டு ஒரு சிறு கடை நடத்திவருகிறேன். ஜெராக்ஸ், பட்டா சிட்டா நகல், பயிர்க் காப்பீட்டுப் பதிவு ஆகியவைதாம் முக்கிய வேலைகள். சம்பாப் பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாளாக வழக்கமாக அறிவிக்கப்படும் நவம்பர் 15 நெருங்கும்போது, அடங்கல், சிட்டா, வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதார் அட்டை எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு விவசாயிகள் காலை எட்டு மணிக்கே கடைப் படியில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். சென்ற பருவத்தில் சரியாக அந்த நாட்களில்தான், நான் காசு கொடுத்து வாங்கிப் போட்டிருந்த வைரஸ் தடுப்பு மென்பொருள், கணினியைப் போட்டவுடன் தன் முழுச் சாளரத்தையும் திரை நடுவில் விரித்துக்கொண்டு நிற்கத் தொடங்கியது.

மூடிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே என்று தோன்றலாம். நான்கு ஜிபி நினைவகமும் பழைய ஹார்ட் டிஸ்கும் கொண்ட கணினியில் அந்தச் சாளரம் திறந்து முடிவதற்கே ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்தது. அதைவிடத் தொல்லை, காப்பீட்டுத் தளத்தில் ஓடிபி எண்ணைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது அது பின்னாலிருந்து முன்னால் வந்து நின்றுகொள்ளும். நான் அடித்த எண்களில் பாதி அதற்குள் போய்விழும், ஓடிபியின் நேரமும் முடிந்துவிடும். "என்ன தம்பி, பொட்டி இன்னும் முழிக்கலையா? பதினோரு மணி பஸ்ஸ விட்டா வெயில்லதான் நடக்கணும்" என்று ஒரு பெரியவர் கேட்டபோது, இதற்கு ஒரு முடிவு கட்டியாக வேண்டும் என்று தோன்றியது.

முதலில் கணினி பழுது பார்ப்பவரிடம் கேட்டேன். "ஃபார்மட் போட்டுடலாம் அண்ணே, ஒரு மணி நேர வேலை" என்றார். ஃபார்மட் என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும். கைரேகைக் கருவியை இயக்கும் டிரைவர் மென்பொருளை நிறுவுவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும் என்பதால் அதற்கு உடன்படவில்லை.

உண்மையில் எனக்கு முதலில் எழுந்தது வேறொரு ஐயம். வைரஸ் தடுப்பு மென்பொருளைப் போலவே வேடமிட்டு, பயமுறுத்திப் பணம் பறிக்கும் போலி நிரல்கள் உண்டு. ஆகவே, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் அந்தச் சாளரத்தின் பெயர் மீது வலது சொடுக்கு செய்து, கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்து, அதன் பண்புகளில் டிஜிட்டல் கையொப்பம் யாருடையது என்று பார்த்தேன். நான் வாங்கிய நிறுவனத்தின் கையொப்பமே, செல்லுபடியாகும் நிலையில் இருந்தது. வந்திருப்பவன் திருடன் இல்லை, வீட்டுக் காவல்காரன்தான் என்பது உறுதியான பிறகே மற்ற வேலையில் இறங்கினேன்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, தானாகத் தொடங்கும் நிரல்களைப் பட்டியலிடும் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போனேன். அங்கே அந்த மென்பொருளின் பெயரில் ஒரே ஒரு பதிவு இருந்தது. அதன் தாக்கம் 'அதிகம்' என்று காட்டப்பட்டது. தொடக்கத்தில் ஒரு விநாடிக்கு மேல் செயலியின் நேரத்தையோ, 3 எம்பிக்கு மேல் வட்டின் உழைப்பையோ எடுத்துக்கொண்டாலே விண்டோஸ் அப்படிக் குறித்துவிடும். எனவே அந்தச் சொல்லைக் கண்டு மிரள வேண்டியதில்லை. பதிவை முடக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்கினேன். கடிகாரத்துக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும் அதன் சின்னம் காணாமற்போனது. சாளரமோ வழக்கம்போல வந்து நின்றது!

அந்தத் தோல்விதான் எனக்கு வழிகாட்டியது. டாஸ்க் மேனேஜரில் நெடுவரிசைத் தலைப்பின் மீது வலது சொடுக்கு செய்தால், ஒவ்வொரு பதிவும் எந்தக் கட்டளையோடு ஓடுகிறது என்பதையும் காட்டச் செய்யலாம். அப்படிப் பார்த்தபோது, நான் முடக்கிய பதிவின் கட்டளை முடிவில், சாளரத்தைத் திறக்காமல் சின்னமாக மட்டும் உட்காரச் சொல்லும் ஒரு குறிப்பு இருந்தது. ஆக, நான் வாயை அடைத்தது பேசாமல் இருந்தவனை. அதை மறுபடி இயக்கி வைத்தேன்.

எங்கள் ஊருக்கு அருகே, மதகுகள் வைத்து ஆற்றைப் பிரிக்கும் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றுத் தண்ணீர் கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு மதகை இறக்கிவிட்டதால் தண்ணீர் நின்றுவிடும் என்று நம்பியிருக்கக் கூடாது. விண்டோஸில் ஒரு நிரல் தானாகத் தொடங்குவதற்கும் அப்படிப் பல தலைப்புகள் உண்டு. ஸ்டார்ட்அப் கோப்புறை ஒன்று. அதிலும் பயனருக்குத் தனி, எல்லோருக்கும் பொது என்று இரண்டு. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ரன்' என்னும் இடம் மற்றொன்று. அதுவும் அதே போல் இரண்டு. இவை தவிர, பின்னணிச் சேவைகளும், வேலைகளைக் குறித்த வேளையில் தானாக ஓடவிடும் டாஸ்க் ஷெட்யூலரில் 'பயனர் உள்நுழையும்போது' என்று குறித்து வைக்கப்படும் பணிகளும் இருக்கின்றன. கடைசி இரண்டும் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியில் தென்படுவதே இல்லை.

இரண்டு கோப்புறைகளையும் பார்த்தேன். பழைய ஸ்கேனரின் குறுக்குவழி ஒன்றைத் தவிர எதுவும் இல்லை. கணினியை நிறுத்தும்போது திறந்திருந்த செயலிகளை மறுபடி திறக்கும் வசதி ஒன்று கணக்கு அமைப்புகளில் இருப்பதால், அதையும் அணைத்துப் பார்த்தேன்; பயனில்லை.

தஞ்சாவூரில் படிக்கும் தம்பி மகனிடம் தொலைபேசியில் சொன்னபோது, "பெரியப்பா, ஒவ்வொரு இடமாத் தேடாதீங்க, ஆட்டோரன்ஸ் போட்டுப் பாருங்க" என்றான். தானாகத் தொடங்கும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும், சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பைச் சேர்ந்த அந்தச் சிறு கருவியை மைக்ரோசாஃப்ட் தன் தளத்திலேயே இலவசமாகத் தருகிறது. அதை நிர்வாகி உரிமையோடு இயக்கி, மைக்ரோசாஃப்டின் சொந்தப் பதிவுகளை மறைத்தபோது, நூற்றுக்கணக்கான வரிகள் ஒரு பக்கத்துக்குள் சுருங்கின. அதில் நான் தேடியது, டாஸ்க் ஷெட்யூலர் பிரிவில், எந்த மறைப்புக் குறிப்பும் இல்லாமல் முதன்மைச் சாளரத்தையே நேராகத் திறக்கும் ஒரு பணியாக உட்கார்ந்திருந்தது. டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து சரிபார்த்தேன். அது உருவான நாளும் மென்பொருள் தன்னைப் புதிய பதிப்புக்கு மாற்றிக்கொண்ட நாளும் ஒன்று. கடைசியாக ஓடிய நேரம், அன்று காலை நான் உள்நுழைந்த நேரம்.

அதை முடக்க முயன்றபோது அனுமதி மறுக்கப்பட்டது. வைரஸ் எதுவும் தன்னை முடக்கிவிடாதபடி இத்தகைய மென்பொருள்கள் தற்காப்பு ஒன்றை வைத்திருக்கும். வீட்டுக்காரன் கையும் அதற்குத் திருடன் கையாகத்தான் படும். ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் மீட்புப் புள்ளி ஒன்றை உருவாக்கிவிட்டு, இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு, மென்பொருளின் அமைப்பில் அந்தத் தற்காப்பைச் சிறிது நேரத்துக்கு அணைத்து, பணியை அழிக்காமல் முடக்கி மட்டும் வைத்து, தற்காப்பை உடனே திரும்ப இயக்கினேன். மறுநாள் காலை திரை வெறுமையாக இருந்தது. அதைக் கண்டு அவ்வளவு மகிழ்ச்சி வரும் என்று நான் நினைக்கவில்லை.

மகிழ்ச்சியோடு கூடவே, பாதுகாப்பையும் சேர்த்து அணைத்துவிட்டோமோ என்ற கவலையும் வந்தது. கோப்புகளைக் கண்காணிக்கும் வேலையைப் பின்னணிச் சேவைதான் செய்கிறது, சாளரம் வெறும் முகப்பு என்பது தெரிந்திருந்தாலும், ஊரார் ஆதார் எண்கள் நடமாடும் கணினி அல்லவா? விண்டோஸ் செக்யூரிட்டி பக்கத்தில் அந்த மென்பொருள் இயங்குவதாகவே காட்டியது. அதோடு நில்லாமல், இதற்கென்றே உள்ள ஐகார் சோதனைக் கோப்பைப் பயன்படுத்தினேன். 68 எழுத்துகள் கொண்ட, எந்தக் கேடும் செய்யாத வரி அது; வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அதை வைரஸாகப் பாவித்துப் பிடிக்க வேண்டும் என்பது பொது உடன்பாடு. நோட்பேடில் ஒட்டிச் சேமித்த மறுகணமே கோப்பு பறிமுதல் ஆனது.

ஆறு நாள் கழித்து, கடையில் எட்டுப் பேர் காத்திருந்த காலையில், சாளரம் மறுபடியும் வந்து நின்றது. இரவில் வந்த புதுப்பிப்பு அந்தப் பணியைத் திரும்ப இயக்கிவிட்டிருந்தது. வெளியிலிருந்து எத்தனை முறை முடக்கினாலும் ஒவ்வொரு புதுப்பிப்பும் அதைத் திறந்துவிடும் என்பது அப்போதுதான் உறைத்தது. நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு, பணியின் பெயர், உருவான நாள், திரையைப் பிடித்த படம் (ஸ்கிரீன்ஷாட்) ஆகியவற்றோடு எழுதினேன். முதல் பதில், நீக்கிவிட்டு மறுபடி நிறுவச் சொன்ன வழக்கமான பல்லவி. இரண்டாவது பதில் நான்கு நாள் கழித்து வந்தது: அமைப்புகளுக்குள் அறிவிப்புகள், அதற்குள் தனிப்பட்ட விருப்பங்கள், அதற்குள் 'சலுகைகளும் புதிய வசதிகளும்' என்பதற்கு எதிரே உள்ள டிக் குறியை எடுத்துவிடச் சொன்னார்கள். சந்தா நீட்டிப்புக்கான விளம்பரத்தைத்தான் பாதுகாப்பின் பெயரால் நான் இத்தனை நாள் மூடிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தபோது எரிச்சல் வந்தது உண்மை. ஆட்டோரன்ஸோடு நான் மல்லுக்கட்டியது வீண் என்று சொல்ல மாட்டேன். பணியின் பெயரைக் குறிப்பிட்டு எழுதியிராவிட்டால் முதல் பதிலோடு அவர்கள் முடித்திருப்பார்கள்.

குறியை எடுத்த பிறகு இரண்டு புதுப்பிப்புகள் வந்துபோயின, சாளரம் வரவில்லை. விண்டோஸுடனேயே வரும் டிஃபெண்டருக்கு மாறிவிடு என்று சிலர் சொல்கிறார்கள். வேறு வைரஸ் தடுப்பு மென்பொருளை நீக்கியதும் அது தானாகவே பொறுப்பேற்றுக்கொள்ளும் என்பதால் அதில் சிரமம் இல்லைதான். கட்டிய சந்தாவில் இன்னும் ஏழு மாதம் இருப்பதால் அதுவரை பொறுத்திருக்கிறேன். கணினி தயாராக இப்போதும் நான்கு நிமிடம் ஆகிறது. அதற்குக் காரணம் ஹார்ட் டிஸ்க்தான். தை அறுவடை முடிந்ததும் அதைவிட வேகமான எஸ்எஸ்டி வட்டு போட்டுவிடுவதாகப் படியில் உட்கார்ந்திருந்தவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.