17.5ஆ, 13.4ஆ?

பெரியவர்களில் எத்தனை பேருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) என்று தேடினால், 2015ஆம் ஆண்டுக்கே மலேசியாவில் இரண்டு விடை வரும்: 17.5 சதவீதம், 13.4 சதவீதம். இரண்டும் ஒரே தேசிய சுகாதார ஆய்வுதான். விரல் நுனி ரத்தத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை லிட்டருக்கு 6.1 மில்லிமோல் இருந்தாலே கணக்கில் சேர்த்தது முதல் எண். பிறகு எல்லைக்கோட்டை 7.0க்கு ஏற்றி, பழைய தரவையும் திரும்பக் கணக்கிட்டார்கள். அந்தக் கோட்டில் 2011இல் 11.2 சதவீதம், 2015இல் 13.4, 2019இல் 18.3. கோட்டைப் பார்க்காமல் 17.5ஐயும் 18.3ஐயும் பக்கத்தில் வைத்தால் "பெரிசா ஒண்ணும் ஏறலையே" என்று தோன்றும். தப்பு அங்கேதான்.

2023இல் 15.6. ஆறு பேரில் ஒருவர். இறங்கியிருக்கிறது, சரி. ஆனால் 2019இல் இந்தியர்களிடையே மட்டும் 31.4, பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் மூன்று பேர் உட்கார்ந்தால் ஏறக்குறைய ஒருவர்.

சென்னை உறவினர் சர்க்கரை "126" என்றால் அது டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு; நம் ஊர் கிளினிக்கின் மில்லிமோல் கணக்கில் அது 7.0. நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனைக்கு இங்கே கோடு 6.3 சதவீதம், பல நாடுகளில் 6.5.

வெறும் வயிற்றுச் சோதனைக்கு முன் எட்டு மணி நேரம் வெறும் தண்ணீர் மட்டும். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் தேநீரும் வேண்டாம். வீட்டில் குத்திப் பார்ப்பவர்கள் கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் உரித்த விரல் எண்ணை எக்கச்சக்கமாக ஏற்றிவிடும்.